புத்தகத்துச் சாளரமும் நம் வீட்டுக் கூரையும்

பௌதிக சாஸ்திரத்திற் புதிதாய்ப் புகும் மாணவர் உஷ்ணப் பகுதியைப் படிக்குங்கால், தவறாமல் ஒரு கணக்கு அவர்முன் வந்து நிற்கின்றது. நூல்கள் பல, எண்களும் சிறிது வேறுபடும், கணக்கு ஒன்றே. குளிர் நாட்டில் ஓர் அறை. அதற்கு ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள கண்ணாடிச் சாளரம். கண்ணாடியின் தடிப்பு 4 மில்லிமீட்டர். அறையினுள் 20 பாகை. வெளியே 0 பாகை. கண்ணாடியின் உஷ்ணங் கடத்துந் திறன் 0.8 என்று கொள்க. சாளரத்தின் வழியே விநாடிதோறும் வெளியேறும் உஷ்ணம் எவ்வளவு? மாணவர் திறனைப் பரப்பாலும் பாகை வேற்றுமையாலும் பெருக்கித் தடிப்பால் வகுக்கின்றார். 4,000 வாட்டு என்று விடை வருகின்றது. நூலின் கடைசிப் பக்கத்திலும் அவ்விடையே அச்சிடப்பட்டிருத்தலின், மாணவரும் உபாத்தியாயரும் மனநிறைவோடு அடுத்த கணக்கிற்குச் செல்கின்றனர்.

அவ்விடை பொய் என்பதே யாம் ஈண்டுச் சொல்ல வந்தது. சிறிது பிழை என்று சொல்லி விடுதற்கில்லை. முப்பத்தைந்து மடங்கு பிழை. அது மெய்யாயின், அவ்வொரு சாளரத்தின் பொருட்டே அறையில் 1,000 வாட்டு மின்சார அடுப்புகள் நான்கு இரவும் பகலும் எரிதல் வேண்டும். இரண்டு சாளரமுடைய ஏழைக் குடும்பம் குளிர்காலம் முடியுமுன் கடன்பட்டொழியும். அந்நாட்டு மக்களோ ஒற்றைக் கண்ணாடிச் சாளரங்களோடு பல நூற்றாண்டு வாழ்ந்திருக்கின்றனர். உள்ளபடி அச்சாளரத்தின் வழியே செல்வது ஏறக்குறைய 114 வாட்டே.

பிழை எங்குளது? சூத்திரத்திலன்று, சூத்திரம் பழுதற்றது. அது கேட்பது கண்ணாடியின் இரு முகங்களுக்கும் இடையேயுள்ள பாகை வேற்றுமையை. கணக்கு நமக்குத் தருவதோ அறைக்காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வேற்றுமையை. இவ்விரண்டும் ஒன்றெனக் கொள்ளுதல் கூடாது. கண்ணாடியின் இருமருங்கும், அதனைத் தொட்டவண்ணம், மெல்லிய காற்றுப் படலம் ஒன்று அசைவின்றிப் படிந்து நிற்கின்றது. அசையாக் காற்றின் கடத்துந் திறன் 0.025 அளவே, கண்ணாடியின் திறனில் முப்பதில் ஒரு பங்கு. அறையின் உஷ்ணம் கதிர்வீச்சாகவும் இப்படலத்தின் வழியாகவும் கண்ணாடியை வந்தடைதல் வேண்டும். அடைந்தபின் கண்ணாடியைக் கடத்தல் அதற்கு ஒரு பொருட்டன்று. மறுபுறத்தும் அவ்வாறே காற்றிற்குள் அரிதின் நுழைதல் வேண்டும். பொறியியலார் வழங்கும் அளவைகளின்படி, உட்புறத் தடை 0.13, வெளிப்புறத் தடை 0.04, கண்ணாடியின் தடை 0.005. இருபது பாகையில் ஏறக்குறைய பதினைந்து பாகை உட்புறத்திலும், நாலரைப் பாகை வெளிப்புறத்திலும் இழியும். கண்ணாடிக்கென எஞ்சுவது அரைப் பாகையிற் சிறிது மிகுதி. அறை 20 பாகையில் இருப்பினும் கண்ணாடியின் உள்முகம் 5 பாகையளவிலேயே இருக்கும். குளிர் நாட்டார் காலையில் எழுந்து சாளரத்தின் உட்புறத்தில் நீர்த்துளி படிந்திருக்கக் காண்பது இதனாலேயே. புத்தகக் கணக்கின்படி உள்முகம் 20 பாகையாதலின், அங்கே துளி படிதற்கே இடமில்லை! கண்ணெதிரே வழியும் நீர் கணக்கைப் பொய்யென்று காட்டவும், நாம் கணக்கை நம்பி நீரை மறந்து விடுகின்றோம்.

இவ்வுண்மை நேற்றோ இன்றோ கண்டறியப்பட்டதன்று. உஷ்ணக் கடத்தலைக் கணிதத்தின் ஆட்சிக்குட் கொணர்ந்தவர் பிரெஞ்சுப் பேரறிஞர் பூரியே. கிரெனோபிள் நகரில் அரசாங்க உயர் அலுவலராய் இருந்துகொண்டே 1807-இல் தம் ஆராய்ச்சியைப் பாரிஸ் அறிஞர் கழகத்தார் முன் வைத்தார்; அது முழு நூலாய் வெளிவந்தது 1822-இல். அந்நூலில் அவர் ஒரு திறனையன்று, இரு திறன்களை வரையறுக்கின்றார்: பொருளினுள்ளே உஷ்ணம் செல்லும் உட்கடத்தல் ஒன்று, பொருளின் முகத்தினின்று சூழ்ந்துள்ள காற்றிற்குச் செல்லும் புறக்கடத்தல் ஒன்று. இரண்டிற்கும் வெவ்வேறு எழுத்துகளிட்டு, ஏறக்குறைய எல்லாக் கணக்கிலும் இரண்டையும் உடன் நடத்துகின்றார். ஆதிகர்த்தா இரண்டாய் வைத்ததை நம் பாலபோதினிகள் ஒன்றாய்க் குறைத்துவிட்டன. குறைத்ததன் மேலும் ஒரு குறை, குறைத்தோம் என்று சொல்லாமையே.

இதனினும் வியப்பு, நம் சோதனைச் சாலையில் நிகழ்வது. லீஸ் என்பாரின் வட்டத் தகட்டுச் சோதனையைச் செய்யாத மாணவர் இரார். நீராவிப் பெட்டிக்கும் பித்தளை வட்டுக்கும் இடையே அட்டையோ எபனைட்டோ வைத்து அதன் திறனை அளக்கின்றோம். வெப்பமானிகளை எங்கே செருகுகின்றோம்? காற்றிலன்று, அட்டையை இறுகத் தழுவிய உலோகத்தில். உலோகம் நன்கு கடத்துவதாதலின் அதன் பாகையே அட்டை முகத்தின் பாகை. பிறகு அட்டையை நீக்கி வட்டைத் தனியே சூடேற்றி ஆறவிட்டு, நிமிஷத்திற்கு எத்தனை பாகை இறங்குகின்றது என்று குறிக்கின்றோம். அவ்விரண்டாம் பகுதி யாது? முகத்தினின்று காற்றிற்குச் செல்லும் உஷ்ணத்தை அளத்தல். அஃதாவது பூரியேயின் புறக்கடத்தல். திங்கட்கிழமை பிற்பகல் கையால் அளந்து நோட்டில் எழுதியதைச் செவ்வாய்க்கிழமை காலை வகுப்பில் இல்லையென்று கொண்டு சாளரக் கணக்கைப் போடுகின்றோம்.

ஆசிரியர் சிலர் இதற்கு விடையொன்று உடையர். முதலாண்டு மாணவர்க்குப் படலமும் புறக்கடத்தலும் சொன்னால் மயங்குவர். எளிமைக்காக ஒன்றை விட்டுவிடுதல் எல்லாச் சாஸ்திரத்திலும் வழக்கமே. உருண்டு விழும் கல்லிற்குக் காற்றுத் தடையை விடவில்லையா என்பர். இவ்வாதத்தை யாம் இலேசாகத் தள்ளவில்லை. ஆயினும் மாடியினின்று விழும் கல்லிற்குக் காற்றுத் தடையை விட்டால் விடை நூற்றுக்குச் சில பங்கே பிழைக்கும். கல் விழும் வண்ணமே விழும். சாளரத்தில் விடப்படுவதோ விடையின் பெரும்பகுதி. எது சிறியதோ அதனை விடுதல் எளிமை. எது பெரியதோ அதனை விட்டுச் சிறியதைக் கணக்கிடுதல் வேறொன்று. மேலும், எளிமையைக் கெடாமலே இதனைத் திருத்தலாம். புதுச் சூத்திரம் ஒன்றும் வேண்டா. வினாவின் சொற்களை மட்டும் மாற்றுக: "சாளரத்தின் வழியே 114 வாட்டு செல்கின்றது, கண்ணாடியின் இரு முகங்களின் பாகை வேற்றுமை யாது?" அதே பெருக்கல், அதே வகுத்தல். விடை 0.57 பாகை. இவ்வளவுதானா என்று மாணவர் வியந்து, எஞ்சிய பத்தொன்பது பாகை எங்கே போயிற்று என்று தாமே கேட்பர். அக்கேள்வி பிறந்தபின் ஆசிரியரது வேலை பாதி முடிந்தது.

பாடத்தின் தொடக்கத்திலும் குளிர் நாட்டு வாடை ஒன்று வீசக் காண்கின்றோம். உலோகம் தொட்டாற் குளிரும், மரம் குளிராது. இரண்டும் ஒரே பாகையில் இருப்பினும், உலோகம் கையின் உஷ்ணத்தை விரைந்து கவர்வதே காரணம் என்பர். உண்மையே. ஆனால் நம் தோலின் மேற்புறம் 33 பாகையளவில் உள்ளது. வேலூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் கத்திரி வெயிலில் நிழலிலேயே 40 பாகை ஏறுதல் அரிதன்று. அவ்வேளையில் அறையிலுள்ள பித்தளைக் குடத்தையும் மரப் பலகையையும் தொட்டுப் பார்க்க; குடமே சுடும். இவ்விரண்டு அனுபவமும் பெற்ற மாணவர், கை அளப்பது பாகையையன்று, உஷ்ணம் செல்லும் வேகத்தை என்பதனை ஒருநாளும் மறவார். இந்தப் பாக்கியம் குளிர் நாட்டு மாணவர்க்கு இல்லை.

அடுக்களையையும் சிறிது நோக்குவோம். எவர்சில்வர் பாத்திரத்திற்குச் செப்பு அடி வைத்தால் நீர் விரைவிற் கொதிக்கும் என்பது பலர் எண்ணம். செம்பின் திறன் 400, எவர்சில்வரின் திறன் 15 என்று அட்டவணையிற் கண்ட மாணவர் அதனை ஆமோதிக்கவுங் கூடும். மெய்யாகக் கணக்கிடுக. முந்நூறு சதுர சென்டிமீட்டர் அடியுள்ள பாத்திரத்தில் 1,000 வாட்டு புகுவதாக வைப்போம். ஒரு மில்லிமீட்டர் எவர்சில்வர் அடியின் இரு முகங்களுக்கும் உள்ள வேற்றுமை இரண்டு பாகைக்குச் சற்று மேல். செம்பாயின் பத்தில் ஒரு பாகைக்கும் குறைவு. அடியில் எரியும் சுவாலையோ ஆயிரம் பாகைக்கு மேற்பட்டது. அங்கே இரண்டு பாகை மிச்சமாவதால் என்ன பயன்? தடை முழுவதும் சுவாலைக்கும் பாத்திரத்திற்கும் இடையேயுள்ள வாயுப் படலத்தில் உளது. செப்பு அடியின் பயன் வேறு: உஷ்ணத்தைப் பக்கவாட்டில் பரப்பிப் பால் ஓரிடத்தில் அடிப்பிடிக்காமற் காக்கின்றது. வாங்குவோர் அதன் பொருட்டு வாங்குக.

இனிக் கூரை. இதுவே எம் மனத்தில் முதன்மையானது. ஏனெனில் இங்கே பிழைபட்ட பாடம் மக்கள் உறக்கத்தைக் கெடுக்கின்றது. தகரக் கூரையின் கீழ் வாழ்வோர் நம் நாட்டில் பலர். வெயில் பொறுக்கலாற்றாது, "சற்றுத் தடித்த தகடு போடுங்கள்" என்று சொல்வாரைக் கண்டிருக்கின்றோம். தடிப்பு இரட்டித்தால் உஷ்ணம் பாதியாம் என்று சூத்திரத்தை அரைகுறையாய்ப் படித்தவரும் கூறுவர். அரை மில்லிமீட்டர் இரும்புத் தகட்டின் தடை 0.00001, அதன் இருபுறத்தும் உள்ள காற்றின் தடை 0.2 அளவு. தகட்டை இரட்டித்தல் கடலிற் பெருங்காயம் கரைத்தல். கொடுத்த பணமும் போயிற்று, வெப்பமும் போகவில்லை. பன்னிரண்டு சென்டிமீட்டர் காங்கிரீட்டுக் கூரையும் நாம் நினைப்பதுபோல் அத்துணைக் காப்பன்று. அதன் தடை 0.08, மொத்தத் தடையில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. மாறாக, காற்றைச் சிறு சிறு அறைகளாய் அடைத்து அசையாமற் பிடித்திருக்கும் பொருள் எதுவாயினும், அது தென்னங்கீற்றாயினும் வைக்கோலாயினும் இக்காலத்து நுரைப் பலகையாயினும், அதுவே காக்கும். ஐந்து சென்டிமீட்டர் நுரைப் பலகையைக் காங்கிரீட்டின்மேற் பதித்தால் உட்புகும் உஷ்ணம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறையும். மேல்முகத்தில் வெள்ளை பூசினால் வெயில் புகுமுன்னரே பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படும். அது கடத்தலைச் சேர்ந்ததன்று எனினும் செலவு குறைந்தது.

காங்கிரீட்டைப் பற்றி இன்னொன்று. சூத்திரம் மாறாநிலைக்கு உரியது. கூரையோ நாள் முழுதும் மாறிக்கொண்டே இருப்பது. பிற்பகல் ஏறிய வெப்ப அலை காங்கிரீட்டினுள் மெல்ல இறங்கிச் சில மணி நேரம் கழித்தே கீழ்முகத்தை அடையும்; வெளியே காற்று தணிந்த பின்னும் படுத்திருப்பவர்மேல் கூரை அனலாய் இறங்குவது இதனால். பழைய மதராஸ் மாடிகளில் தேக்கு விட்டங்களின்மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்பும் செங்கற் சல்லியும் இட்டுக் கெட்டித்து, மேலே தட்டோடு பதித்தனர். அக்கொத்தனார் பூரியேயைப் படித்தாரல்லர். படித்த நாம் அவரினும் மெலிந்த கூரைகளைக் கட்டி, மின்விசிறியால் அவ்வெப்பத்தையே சுழற்றிக்கொண்டிருக்கின்றோம்.

நம் கல்லூரியிற் பயின்று வெளியூர்ப் பள்ளிகளில் ஆசிரியராய் அமர்ந்துள்ள பழைய மாணவர் பலர் இவ்விதழைக் காண்பர். அவருள் வினாத்தாள் வகுப்போரும் உளர். இவ்வாண்டு வகுக்குங்கால் "அறையின் பாகை", "வெளியின் பாகை" என்னும் சொற்கள் கடத்தற் கணக்கில் வருமாயின், அவற்றை அடித்துவிட்டு "உள்முகத்தின் பாகை", "வெளிமுகத்தின் பாகை" என்று எழுதுமாறு வேண்டுகின்றோம். இயலுமாயின் சாளரத்தை நீக்கித் தகரக் கூரையை வைத்துப் பார்க்க. மாணவர் எழுதும் விடைகள் சுவையாயிருப்பின், அடுத்த இதழுக்கு அவற்றை அனுப்பி வைக்கலாம்.