ஊசி போடுகிறவளுக்கு ஒரு சொல் பட்டியல்

எங்கள் தெருவில் ஒரு பெண். பி.எஸ்சி. நர்சிங் படித்து, திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் வேலை பார்த்தவள். அப்பா களக்காட்டில் வாழைக்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறார். இங்கிலாந்துக்குப் போக வேண்டுமென்று ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சை இரண்டு தடவை எழுதிவிட்டாள். மற்ற மூன்று பகுதியிலும் கேட்ட 7 வந்துவிட்டது. எழுத்தில் மட்டும் 6. அங்கே உள்ள நர்சிங் கவுன்சில் எழுத்துக்குக் கேட்பது 6.5. முன்பு அதற்கும் 7 தான் கேட்டார்கள், 2018 கடைசியில் குறைத்தார்கள். குறைத்த பிறகும் அரை மார்க் இடிக்கிறது. ஒரு தடவைக்குப் பதினைந்தாயிரத்துக்கு மேல் கட்டணம். பயிற்சி மையத்துக்குக் கொடுத்தது தனி. அம்மாவின் வளையல் அடகில் இருக்கிறது.

போன வாரம் ஒரு கட்டு ஜெராக்ஸ் தாளோடு வந்து, "தாத்தா, நீங்க பிரெஞ்சு, இங்கிலீஷ் எல்லாம் படிச்சவங்க, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றாள். பார்த்தேன். படிப்பு, வேலை என்ற இரண்டு தலைப்பில் நானூறு சொல் சேர்க்கைகள். எந்தப் பெயர்ச்சொல்லோடு எந்த வினைச்சொல் சேரும் என்ற பட்டியல். பர்ஸ்யூ எ கேரியர், அக்வயர் நாலெட்ஜ், க்ளைம் த கேரியர் லேடர், பர்ன் த மிட்நைட் ஆயில். தினம் இருபது மனப்பாடம் செய்து, கட்டுரைக்குக் குறைந்தது பத்து போட வேண்டுமாம். அவளும் போட்டிருக்கிறாள். 250 வார்த்தைக் கட்டுரையில் எண்ணெய் விளக்கும் ஏணியும் வரிக்கு வரி முட்டிக்கொண்டு நிற்கின்றன. கேட்ட கேள்விக்கு எந்த இடத்தில் பதில் சொல்கிறாள் என்று கடைசி வரை தெரியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, இந்தப் பட்டியலைக் காசுக்கு விற்கிறவர்கள் மேல்.

சொல் சேர்க்கை முக்கியம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நமக்கும் அது உண்டு. பள்ளிக்கூடத்தில் வினைமரபு என்று படித்தீர்களே: பானை வனை, கூடை முடை, அம்பு எய், சோறு உண், முறுக்குத் தின். வேலை பார்ப்பதும் வேலை செய்வதும் ஒன்றில்லை என்பது நம் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "அவன் மெட்ராசில வேலை பாக்கான், ஆனா வேலை செய்யதில்ல" என்றால் சிரிக்கிறோம். அதை எந்தப் பட்டியலில் படித்தோம்?

நான் பட்டியலில் படித்தவன், அதனால்தான் சொல்கிறேன். அப்பா களக்காட்டுக்காரர் என்றாலும் பிழைக்கப் போனது புதுச்சேரிக்கு. 1954-ல் பிரெஞ்சு ஆட்சி போன பிறகும் அங்கே பிரெஞ்சு வழிப் பள்ளிகள் நடந்தன. நான் அதில் படித்தேன். வீட்டில் பேசிய தமிழ்தான் என் தமிழ். பிறகு இந்தப் பக்கம் வந்து ஒரு தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது, தமிழ் படிக்காத அரசு ஊழியர் எழுத வேண்டிய இரண்டாம் நிலை மொழித் தேர்வு என்று ஒன்று என் தலையில் விழுந்தது. கைடு வாங்கி வினைமரபு மனப்பாடம் செய்தேன். பரீட்சை எழுதிவிட்டு வந்ததும் ஹெட் கிளார்க்கிடம், "சார், தேர்வைக் கடந்துவிட்டேன்" என்றேன். பிரெஞ்சில் 'பாஸே' என்றால் பரீட்சைக்கு உட்கார்வது. தேறினேனா என்பது அதில் வராது. அவர் நான் பாஸ் என்று நினைத்து அலுவலகம் முழுக்கக் காப்பி வாங்கிக் கொடுத்தார். மாதங்கள் கழித்து முடிவு வந்தது: ஃபெயில். அந்தக் காப்பிக் காசைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கேலி செய்தார்கள்.

அடுத்த தடவை தேறினேன். கைடு காரணமில்லை. அலுவலகத்தில் அம்பு எய்கிறவர் யாரும் இல்லை. வந்தவர்கள் மனு கொடுத்தார்கள், தீர்வை கட்டினார்கள், பட்டா மாற்றக் கேட்டார்கள், பச்சையாற்றுத் தண்ணீருக்கு மடை திறக்கவில்லை என்று சண்டை போட்டார்கள். ஒரு வருடம் அவர்கள் சொன்னதை எழுதி எழுதியே எனக்குத் தமிழ் வந்தது.

அந்தப் பெண்ணிடம் தாளைக் கீழே வைக்கச் சொல்லி, "நேத்து நைட் டூட்டியில என்ன நடந்தது? இங்கிலீஷ்ல சொல்லு" என்றேன். கொஞ்சம் திணறினாள். பிறகு சொன்னாள்: டெம்பரேச்சர் எடுத்தேன், ட்ரிப் செக் பண்ணினேன், புண்ணுக்கு ட்ரெஸ்ஸிங் மாற்றினேன், இஞ்செக்ஷன் கொடுத்தேன். "கேவ் தி இஞ்செக்ஷன்" என்றாள், கவனியுங்கள். தமிழில் நாம் ஊசி போடுகிறோம். பிரெஞ்சுக்காரன் ஊசியைச் 'செய்கிறான்'. ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டும். அவள் போடவில்லை, சரியாகக் கொடுத்தாள். ஒன்றுகூடத் தப்பில்லை. நானூறு பட்டியலில் இது ஒன்றுமே கிடையாது. வார்டில் கேட்டது, கேஸ் ஷீட்டில் எழுதியது.

"பரீட்சை வைப்பவர்களே சொல் சேர்க்கை கேட்கிறார்களே" என்பார்கள். கேட்கிறார்கள். எழுத்துக்கு மார்க் போடுவது நாலு விஷயத்துக்கு, நாலுக்கும் சம பங்கு: கேள்விக்குப் பதில் சொன்னாயா, கோவையாகச் சொன்னாயா, சொல்வளம், இலக்கணம். சொல்வளம் என்ற கால் பங்குக்குள்ளேதான் இந்தச் சேர்க்கை வருகிறது. அந்தக் கால் பங்குக்குள் ஒரு துண்டைப் பிடிக்கப் போய் முதல் இரண்டையும் கோட்டை விட்டால் யாருக்கு லாபம்? ஃபெயில் ஆகிறவள் மறுபடி பணம் கட்ட வருவாள், மையத்துக்கு அதில் நஷ்டமில்லை.

இன்னொரு விஷயம். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கென்றே ஓ.ஈ.டி. என்று ஒரு பரீட்சை இருக்கிறது. அதில் நர்ஸ் எழுத வேண்டியது நோயாளியைப் பற்றி ஒரு கடிதம். இங்கிலாந்து கவுன்சில் 2017-லிருந்தே அதை ஏற்கிறது. ஒரு வருடம் பணம் வாங்கிய மையத்தில் இதை ஒருவர்கூட அவளிடம் சொல்லவில்லை. கட்டணம் அதற்கு இன்னும் கூடுதல்தான். ஆனால் எண்ணெய் விளக்கு ஏற்ற வேண்டியதில்லை.

எதை எழுதுவது என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. இப்போது சாயந்தரம் சாயந்தரம் வருகிறாள். அன்றைக்கு வார்டில் நடந்ததை ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான் பாடம். ஜெராக்ஸ் கட்டு என் மேசையில்தான் கிடக்கிறது. பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் இந்தக் கட்டுரையை அதில்தான் முதலில் எழுதினேன்.