விடுமுறை மூட்டையில் ஒரு புத்தகம்

மே மாதம் நெருங்கிவிட்டது. பள்ளிக்கூடம் மூடும் நாளைக் குழந்தைகள் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். பெற்றோரோ பிரயாணச் சீட்டை எண்ணிக் கவலையுறுகின்றனர். 120 நாட்களாக இருந்த முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 60 நாட்களாகக் குறைக்கப்பட்டதன்றோ? ரயில்வே குமாஸ்தா என்ற ஒரே குற்றத்துக்காக நம்மிடம் வந்து, "இடம் கிடைக்குமா?" என்று கேளாத அண்டை வீட்டார் இல்லை. சீட்டுக் கிடைத்தவுடன் அடுத்த பட்டியல் தொடங்குகிறது: அத்தைக்குப் புடவை, மைத்துனன் பிள்ளைக்குப் பொம்மை, ஊராருக்குப் பகிர்ந்தளிக்க மிட்டாய். ஸ்லீப்பர் வகுப்பில் ஒருவர் 40 கிலோ வரை இலவசமாகக் கொண்டு செல்லலாம். அந்த 40 கிலோவில் கால் கிலோவை ஒரு புத்தகத்துக்கு ஒதுக்குவோர் எத்தனை பேர்? பார்சல் ஆபீஸ் ஜன்னல் வழியே மூட்டைகளைக் கண்டு பழகிய நாம், மிகச் சிலரே என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்படி ஒதுக்குவோரும் தவறான புத்தகத்தை ஒதுக்குகின்றனர். இதைப் பிறர்மீது குற்றமாகச் சொல்லவில்லை. சென்ற ஆண்டு இத்தவற்றைச் செய்தவர் நாமே.

நமக்கு ஒன்பது வயதில் ஒரு மகள் உண்டு. வீட்டில் தமிழ் பேசுவாள். பாட்டியுடன் தொலைபேசியில் திருநெல்வேலித் தமிழே பேசுவாள். எழுத்துக் கூட்டவும் ஒருவாறு தெரியும். ஆனால் வாசிக்கமாட்டாள். பள்ளியில் ஆங்கிலம், மராத்தி, இந்தி என்று மூன்று மொழிகளைச் சுமந்து வருபவளிடம் நான்காவதை நீட்டினால், "நாளைக்கு அப்பா" என்பாள். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. எனினும் நம்மில் பலர் பிள்ளைகளை அங்கே அனுப்புவதில்லை. நாமும் அனுப்பவில்லை. ஆகவே விடுமுறையிலாவது அந்தக் கடனைத் தீர்க்க எண்ணி, திருக்குறள் உரை நூல் ஒன்றை வாங்கி அவள் கையில் கொடுத்து, நடுப்பகலில் சென்னை வண்டி ஏறினோம். நமது மனைவி அப்போதே, "இது பிரயாணமா, பரீட்சையா?" என்று கேட்டாள். அதை நாம் பொருட்படுத்தவில்லை.

கர்ஜத்தில் வண்டிக்குப் பின்னால் துணை எஞ்சின் பூட்டினர். மலை ஏறத் தொடங்கியதும் மகள் ஜன்னலோரம் சாய்ந்து குகைப்பாதைகளை எண்ணினாள். குறட்பாக்களை எண்ணவில்லை. புத்தகம் எலுமிச்சைச் சாதப் பாத்திரத்துக்கு மூடியாக இருந்தது.

புணேயில் முதியவர் ஒருவர் ஏறினார். முப்பது ஆண்டுகள் மாட்டுங்காவில் குடியிருந்தவராம். பாத்திரத்தின்மீது இருந்த நூலை நோக்கி, "தம்பி, இது பாப்பாவுக்கா?" என்றார். ஆம் என்றோம். "வள்ளுவர் இரண்டாயிரம் வருஷம் காத்திருந்தவர். இன்னும் நாலு வருஷம் காக்கமாட்டாரா?" என்று சொல்லிவிட்டு, தம் பையிலிருந்து அட்டை கிழிந்த புத்தகம் ஒன்றை எடுத்து, யாரையும் நோக்காமல் உரக்க வாசிக்கத் தொடங்கினார். அது தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு'.

தேவனைப் பற்றி இளைய வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இயற்பெயர் மகாதேவன், 1913-இல் பிறந்தவர், ஆனந்த விகடன் நிர்வாக ஆசிரியராயிருந்து 1957-இல், 43 வயதிலேயே மறைந்தார். அவர் படைத்த சாம்பு ஓர் அசடன். பாங்கியில் குமாஸ்தா. (குமாஸ்தா என்பதனால் நமக்கு அவன்மீது தனி அன்பு.) அவன் உளறுவதும் தடுமாறுவதும் எப்படியோ திருடனைப் பிடித்துக் கொடுத்துவிடும், இன்ஸ்பெக்டர் கோபாலன் முதல் ஊரார் வரை அவனை மகா மேதை என்று கொண்டாடுவர். இவ்வாறு ஐம்பது கதைகள். ஒவ்வொன்றும் ஒரு மூச்சில் முடிவது. பெரியவர், சிறியவர் இருவரும் ஒரே இடத்தில் சிரிப்பது.

தௌண்டு தாண்டுவதற்குள் மகள் ஜன்னலை விட்டு எதிர்ப் பலகைக்கு மாறிவிட்டாள். சோலாப்பூர் வந்தபோது முதியவரின் தோளுக்குப் பின்னால் நின்றாள். மூன்றாவது கதையின் நடுவே, சாம்பு வகையாகச் சிக்கிக்கொண்டு விழிக்கும் கட்டத்தில், அம்முதியவர் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் போட்டார். "இனிமேல் எனக்குக் கண் தெரியாது பாப்பா" என்று படுத்துக்கொண்டார். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று நம்மிடம் ஓடி வந்தாள். நமக்குத் தெரியும். ஆயினும் அன்றிரவு நமக்கும் கண் தெரியவில்லை. அவள் கோபத்துடன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேல் படுக்கைக்கு ஏறினாள். நெடுநேரம் வரை எழுத்துக் கூட்டும் முணுமுணுப்புக் கேட்டது. விடியற்காலை பார்த்தபோது, இரண்டரைப் பக்கம் தாண்டிய இடத்தில் விரலை வைத்தபடியே உறங்கிக்கொண்டிருந்தாள். இரண்டரைப் பக்கம் ஒரு சாதனையா என்று சிலர் கேட்கலாம். அதுவரை அவள் தானாகப் படித்த தமிழ் அரைப் பக்கமும் இல்லை.

இலேசான நூலை மட்டமான நூல் என்று நினைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. ரயிலும் இலேசான நூலும் பழைய கூட்டாளிகள். நம் மும்பையிலேயே 1865-இல் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங்கின் கதைகளை, அலகாபாத் வீலர் கம்பெனியார் 1888-இல் ரயில் பிரயாணிகளுக்கென்றே ஆறு சிறு நூல்களாக, ஒரு ரூபாய் விலையில் வெளியிட்டனர். அப்போது அவருக்கு வயது 22. அரசாட்சி பற்றிய அவர் கொள்கைகள் நமக்கு உடன்பாடானவை அல்ல. அது வேறு விஷயம். ரயிலடியில் ஒரு ரூபாய்க்கு விற்ற அந்த எழுத்தாளருக்கு 1907-இல் நோபல் பரிசு கிடைத்தது என்பதே இங்கு நமக்கு வேண்டியது.

இனி, எதை எடுத்துச் செல்வது? சாம்புவை முதலில் வைக்கிறோம், காரணம் சொல்லியாயிற்று. அவனுக்கு அடுத்தபடி அப்புசாமியும் சீதாப்பாட்டியும். 'பாக்கியம் ராமசாமி' என்ற பெயரில் ஜ.ரா. சுந்தரேசன் 1963-இல் குமுதத்தில் தொடங்கிய இத்தம்பதியரின் சண்டையை வாய்விட்டு வாசித்தால் அடுத்த பெட்டியிலிருந்தும் ஆள் வருவர். நமது மனைவி சீதாப்பாட்டியின் கட்சி. நம் கட்சியைச் சொல்ல வேண்டியதில்லை.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' பற்றிப் பலர் கேட்கின்றனர். 1950 முதல் 1954 வரை தொடராக வந்து ஐந்து பாகங்களாக நிற்கும் பெருநூல் அது. அதை வேண்டாம் என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. ஆனால் விடுமுறையில் அதைத் தொடங்கியவர் மாமனார் வீட்டில் எவரோடும் பேசமாட்டார், உண்ணக் கூப்பிட்டாலும் வரமாட்டார். வீட்டு அமைதியை முன்னிட்டு 'பார்த்திபன் கனவு' போதுமென்போம். மற்றொன்று: கல்கியின் நூல்கள் நாட்டுடைமையானபின் பலரும் அச்சிட்டு மலிவாக விற்கின்றனர். சில பதிப்புகளில் எழுத்து கடுகினும் சிறிது. ஆடும் வண்டியில் அதைப் படித்தால் தலைவலியே மிஞ்சும். கடையில் நின்று, புத்தகத்தைக் கைநீளத்தில் பிடித்து ஒரு பக்கம் வாசித்துப் பாருங்கள். முடியவில்லையானால் விலை எதுவாயினும் வைத்துவிடுங்கள்.

கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சுஜாதாவின் 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்'. எழுத்துக் கூட்டும் நிலையிலுள்ள சிறுவர்க்குச் சிவகாசியிலிருந்து வரும் முத்து காமிக்ஸ். 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யுடன் பிறந்தது. படம் கதையைச் சொல்லிவிடுவதால், தெரியாத எழுத்தில் தடுக்கி விழும் குழந்தை தானே எழுந்துகொள்ளும். இதற்குமுன் படக்கதையைக் கண்டால் பிடுங்கி வைத்தவர்களில் நாமும் ஒருவர்.

ரேணிகுண்டா தாண்டியபின் நடந்ததைச் சொல்லி முடிக்கிறோம். வழியெல்லாம் தேவநாகரி, கன்னடம், தெலுங்கு என்று மாறி வந்த நிலையப் பலகைகளில் திருத்தணியில் தமிழ் தெரிந்தது. வண்டி கடப்பதற்குள் மகள், "திருத்... தனி" என்று கத்தினாள். முதியவர், "தணி, அம்மா, மூணு சுழி" என்று திருத்தினார். அரக்கோணத்தில் அவர் பையை எடுத்தபோது நாம் புத்தகத்தை நீட்டினோம். பாப்பா இன்னும் முடிக்கவில்லையே என்றார் அவர். ஊரில் ஒரு பிரதி வாங்கிக்கொள்வதாகச் சொல்லி மறுபடியும் நீட்டினோம். அதற்குள் வண்டி நகர்ந்தது. அவர் பிளாட்பாரத்தில் நின்று கையசைத்தார். பெயரும் விலாசமும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அப்பெரியவர் இவ்விதழை வாசிப்பவராயின் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுகிறோம். ஐம்பது கதைகளும் தீபாவளிக்கு முன்பே முடிந்துவிட்டன. புத்தகத்துக்குப் புது அட்டை போட்டு வைத்திருக்கிறோம். மூன்றாவது கதையில் ஒரு பக்கத்தில் மட்டும் எலுமிச்சைச் சாதத்தின் எண்ணெய்க் கறை இருக்கிறது. அதைப் பொறுத்தருள வேண்டும்.