மேற்கூரை சூரிய மின்சாரம்: ஹைதராபாத்தில் யாருக்கு லாபம்?

ஹைதராபாத்: வீட்டு மேற்கூரையில் சோலார் பேனல் அமைப்போருக்கு 78,000 ரூபாய் வரை மானியம் வழங்கும் 'பிரதமரின் சூர்யா கர்' இலவச மின்சாரத் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. 75,021 கோடி ரூபாய் மதிப்பீட்டிலான இத்திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீடுகள். மானியம் அனைவருக்கும் ஒன்றுதான் என்றாலும், சேமிப்பு வீட்டுக்கு வீடு மாறுகிறது. அதைத் தீர்மானிப்பது மின் கட்டண அடுக்குகளே.

செலவும் மானியமும்:

முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் கிடைக்கும். அதற்கு மேல் திறனைக் கூட்டினாலும் மானியம் உயராது. மத்திய அரசின் அடிப்படை மதிப்பீட்டின்படி 3 கிலோவாட் அமைப்புக்கு 1.45 லட்சம் ரூபாய் செலவாகும். மானியம் போக 67,000 ரூபாய். சந்தை விலை இதைவிட அதிகமாக இருக்கலாம். 2025 செப்டம்பரில் சூரிய மின் சாதனங்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது சற்று ஆறுதல்.

எவ்வளவு மிச்சமாகும்?

தெலங்கானாவில் 2022இல் திருத்தப்பட்ட கட்டணப்படி, மாதம் 200 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கு முதல் 200 யூனிட்டுக்கு 5.10 ரூபாய், அடுத்த 100க்கு 7.70 ரூபாய், அதற்கடுத்த 100க்கு 9 ரூபாய். 400 யூனிட் பயன்படுத்தும் குடும்பத்தின் மின் கட்டணம் 2,690 ரூபாய். 3 கிலோவாட் அமைப்பு மாதம் சுமார் 300 யூனிட் தரும். மீதி 100 யூனிட்டுக்கு 5.10 ரூபாய் வீதம் கணக்கிட்டாலும் மாதம் 2,180 ரூபாய் மிச்சம். நிறுவும் செலவு 2 லட்சம் ரூபாய் என்றாலும், மானியம் போக முதலீடு ஐந்து ஆண்டுகளுக்குள் திரும்பிவிடும். பேனல்களின் ஆயுளோ சுமார் 25 ஆண்டுகள்.

ஏழைகளுக்கு ஊக்கம் எங்கே?

'கிருஹ ஜோதி' திட்டத்தில், உணவுப் பாதுகாப்பு அட்டை வைத்திருந்து 200 யூனிட் வரை பயன்படுத்தும் குடும்பங்களுக்கு மின்சாரம் இலவசம். கட்டணமே செலுத்தாதவருக்குச் சேமிக்க எதுவுமில்லை. இதனால் மானியத்தின் பெரும்பயன் ஏசி ஓடும் சொந்த வீடுகளுக்கே சென்று சேரும் நிலை உள்ளது. இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம் வழங்கும் தமிழ்நாட்டிலும் குறைவாகப் பயன்படுத்துவோரின் நிலை ஏறக்குறைய இதுவே.

ஹைதராபாத்தின் அடுக்குமாடிவாசிகளுக்கோ தனி மேற்கூரை இல்லை. அவர்களின் குடியிருப்போர் சங்கங்கள், லிஃப்ட், தண்ணீர் மோட்டார் போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் பெறலாம்.

கவனிக்க வேண்டியவை:

ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற இடம் தேவை. உள்நாட்டில் தயாரான பேனல்களுக்கே மானியம் உண்டு. பணிகள் முடிந்து, நெட் மீட்டர் பொருத்தி, மின் விநியோக நிறுவனம் ஆய்வு செய்த பின்னரே மானியத் தொகை வங்கிக் கணக்கில் வரவாகும். பேட்டரி இல்லாத அமைப்பு மின்வெட்டின்போது இயங்காது என்பதையும் முன்கூட்டியே அறிந்திருப்பது அவசியம். கடந்த 12 மாத மின் கட்டண ரசீதுகளைப் பார்த்துத் திறனை முடிவு செய்வதே முறையான முதல் படி.