சுளுக்குத்தானே என்ற அலட்சியம்

பெரியநீலாவணைக் கரையில் தோணி தள்ளும் மீனவருக்கும் அயலிலுள்ள மருதமுனையில் தறி மிதிக்கும் நெசவாளிக்கும் காலே மூலதனம். அக்கால் கணுவில் பிசகும்போது குடும்பத்தின் அடுப்பே அணைந்துவிடுகின்றது. ஆயினும் கணுக்கால் சுளுக்கை ஒரு நோயாகவே நாம் கருதுவதில்லை.

எமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம் என்பது பெருமைக்குரியதே. ஆனால், முச்சக்கரவண்டிக் கூலியும் இழந்த நாட்சம்பளமும் இலவசமல்ல. சிறு சுளுக்கென்றாலும் பலர் கல்முனையிலுள்ள ஆதார வைத்தியசாலைகளை நாடிச் சென்று எக்ஸ்ரே படத்திற்காகக் காத்திருக்கின்றனர். வேறு சிலரோ எண்ணெய் தடவி உருவிவிட்டு, வீக்கம் முற்றிய பின்னரே வைத்தியரிடம் வருகின்றனர். இரண்டுமே நட்டந்தான்.

இதற்கு வழி இல்லாமலில்லை. கனடாவின் ஒட்டாவா நகர வைத்தியர்கள் 1992இல் எளியதொரு விதிமுறையை வெளியிட்டனர். கணுக்காலின் இருபுற எலும்பு முனைகளிலோ அவற்றின் பின்விளிம்பில் 6 சென்ரிமீற்றர் தூரத்திற்குள்ளோ அழுத்தும்போது வலி இருந்தால், அல்லது அடிபட்டவுடனும் பரிசோதனையின்போதும் நான்கு அடிகள் எடுத்து வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே அவசியம். பாதத்திற்கும் இதுபோன்ற விதி உண்டு. இவை எவையும் இல்லாதவிடத்து எலும்பு முறிந்திருக்கும் சாத்தியம் மிகக் குறைவு. நீரிழிவினால் பாத உணர்ச்சி குன்றியோரை மாத்திரம் கூடுதல் அவதானத்துடன் நோக்க வேண்டும். இம்முறையினால் தேவையற்ற படங்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. பயிற்சி பெற்ற கைகளே போதும். பிரதேச வைத்தியசாலைகளிலும் ஆரம்ப வைத்திய பராமரிப்பு நிலையங்களிலும் முதல் நாளிலேயே இதனைச் செய்யலாம். துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், இறுக்கமான கட்டு, காலை உயர்த்தி வைத்தல், வலி தணிந்ததும் முறையான அசைவுப் பயிற்சி ஆகியனவே சிகிச்சையின் சாரம். மீன்பிடிக் கிராமத்தில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் அறிவுறுத்தலுக்கே. பயிற்சியைக் கைவிடும் கால் மீண்டும் மீண்டும் பிசகும் என்பதையும் மறந்துவிடலாகாது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டை அனுபவித்த எமக்கு, வளங்களைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதன் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. சுளுக்கு தமிழர், முஸ்லிம் என்று பார்த்து வருவதில்லை. கல்முனைப் பிராந்திய சுகாதாரத் துறையினர் கிராமத்து நிலையங்களை இதற்கெனத் தயார்படுத்த முன்வர வேண்டும். பள்ளிவாசல்களும் ஆலயங்களும் விளையாட்டுக் கழகங்களும் இச்செய்தியை மக்களிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.