எட்டு பாயிண்ட் ரத்தத்தோடு எட்டு மணி நேரம்

அம்பத்தூரில் சிறிய ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றை நடத்துகிறேன். கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பு தேடும் அந்த அரை நிமிடத்தில் பெண்கள் சொல்லும் வார்த்தைகள் எனக்கு மனப்பாடம். "உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குக்கா." "கை கால் ஓயுது." "படி ஏறுனா மூச்சு வாங்குது." சொல்பவர்களில் பெரும்பாலானோர் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்கள். திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டைப் பக்கமிருந்து மின்சார ரயிலில் வந்து பட்டரவாக்கத்தில் இறங்கி நடப்பவர்கள். பேக்கிங், செக்கிங், அசெம்பிளி, தையல் என்று நாள் முழுக்க நின்றோ குனிந்தோ செய்கிற வேலை.

இவர்களுடைய அசதிக்கு வீட்டில் ஒரு பதில் தயாராக இருக்கும்: வயசாகுதில்ல. வேலையிடத்தில் இன்னொரு பதில்: சுறுசுறுப்பு பத்தாது. இரண்டையும் கேட்டுக் கேட்டு, தன் உடம்பே இப்படித்தான் என்று அந்தப் பெண்ணும் நம்பத் தொடங்கிவிடுகிறாள். முப்பத்தைந்து வயதில் ஒருத்தி அப்படி நம்புவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இந்த அசதியில் பெரும்பகுதியை அளந்து பார்க்க முடியும். அளந்தால் சரிசெய்யவும் முடியும். அந்த அளவை வேலை நடக்கும் இடத்திலேயே எடுக்க ஏற்பாடு வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் போதும். மெஷினில் வைத்தால் ஓரிரு நிமிடத்தில் ஹீமோகுளோபின் அளவு வந்துவிடும். எங்கள் பக்கம் அதைப் 'பாயிண்ட்' என்பார்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 பாயிண்டுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 8-க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. என் மேசைக்கு 9, 8.5, 8 எல்லாம் சாதாரணமாக வருகின்றன. 12 இருக்க வேண்டிய இடத்தில் 8 இருந்தால், ஒவ்வொரு சொட்டு ரத்தமும் சுமக்கக்கூடிய ஆக்சிஜனில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. அவள் சும்மா நிற்கும்போதே அவளுடைய இதயம் மாடி ஏறிக்கொண்டிருக்கிறது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணுக்கள் சிறுத்து, நடுவில் வெளிறி, ஓரத்தில் மட்டும் மெல்லிய வளையமாக நிறம் ஒட்டியிருக்கும். இரும்புச்சத்து இல்லாமல் உடம்பு கட்டிய அணுக்கள் அவை.

2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நாடு முழுவதும் 57 சதவீதம். அதற்கு முந்தைய ஆய்வில் நம் மாநிலத்தின் எண் 55. வீட்டில் பிரசவம் நடப்பதே அரிதாகிவிட்ட மாநிலம் இது. அப்படிப்பட்ட மாநிலத்தில், இத்தனை ஆண்டுகளில் இரண்டு புள்ளிகூடக் குறையவில்லை.

மாத்திரைக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. 2018-ல் மத்திய அரசு தொடங்கிய ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை உண்டு. கர்ப்பிணிகளுக்கு 180 நாள் தினம் ஒரு மாத்திரை உண்டு. 20 வயதுக்கு மேற்பட்ட, கர்ப்பமில்லாத பெண்களுக்கும் வாரம் ஒரு சிவப்பு மாத்திரை என்று அதில் எழுதியிருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணிடம் அது எப்படிப் போய்ச் சேரும்? பள்ளி மாணவியைப் பள்ளியில் பிடித்துவிடலாம், கர்ப்பிணி தானே ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். செவிலியர் வீட்டுக் கதவைத் தட்டும் நேரத்தில் தொழிற்சாலைப் பெண் மெஷின் முன்னால் நிற்கிறாள். "புள்ளத்தாச்சியா இருந்தப்போ மாத்திரை குடுத்தாங்க, அப்புறம் யாரும் கேக்கல" என்று பலர் சொல்கிறார்கள். கடைசிப் பிரசவத்தோடு அரசின் கண்ணிலிருந்து அவள் மறைந்துவிடுகிறாள்.

அப்புறம் அவளாக ஒரு வழி தேடுகிறாள். சனிக்கிழமை சம்பளம் வந்ததும் பக்கத்துக் கிளினிக்கில் போய், "டாக்டர், ஒரு டிரிப்ஸ் போட்டு விடுங்க, தெம்பா இருக்கும்" என்று கேட்டு வாங்கிக்கொள்கிறாள். அரை லிட்டர் ஐந்து சதவீதக் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. நூறு கலோரிகூடக் கிடையாது. இரண்டு இட்லியில் அது கிடைத்துவிடும். இரும்பு துளியும் இல்லை. பாட்டில் இறங்கும்வரை ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் படுத்திருந்தாள் பாருங்கள், அந்த வாரத்தில் அவளுக்குக் கிடைத்த ஓய்வு அதுதான். தெம்பு வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். மாதுளை, பீட்ரூட் விஷயமும் இதைப் போலத்தான். நிறம் சிவப்பு என்பதற்காக ரத்தம் ஊறும் என்று நம்பி, விலை கொடுத்து வாங்குகிறார்கள். 100 கிராம் மாதுளையில் இரும்பு அரை மில்லிகிராம்கூடத் தேறாது. அதே அளவு கம்பில் ஆறு மில்லிகிராம் இருக்கிறது. பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். கம்பங்கூழ், முருங்கைக்கீரை, அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஈரலும் சுவரொட்டியும்: நம் அம்மாக்கள் சொன்னது சரிதான். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும்.

டீயைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சாப்பாட்டோடு குடிக்கிற டீ, சோற்றிலும் கீரையிலும் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் வெகுவாகத் தடுத்துவிடும். சத்து மாத்திரையை டீயோடு விழுங்கும் பெண்களை அடிக்கடி பார்க்கிறேன். மாத்திரை போடத் தோதாக அவர்களுக்குக் கிடைப்பது டீ இடைவேளைதான். டீயை நிறுத்துங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள் என்றுதான் சொல்வேன். மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். அந்தப் பயத்திலேயே மாத்திரையை நிறுத்தியவர்கள் நிறைய.

உணவைப் பற்றி மட்டும் பேசுவது பாதிப் பேச்சு. ரத்தம் எங்கே போகிறது என்றும் கேட்க வேண்டும். மாதவிலக்கு எத்தனை நாள், கட்டி கட்டியாகப் போகிறதா, ஒரு நாளைக்கு எத்தனை முறை துணி மாற்ற வேண்டியிருக்கிறது? இதையெல்லாம் இவர்களிடம் யாரும் கேட்பதில்லை. "எல்லாருக்கும் இப்படித்தானே போகும்" என்று சொல்லிப் பத்து நாள் போக்கோடு ஷிஃப்டுக்கு வருகிறார்கள். கர்ப்பப்பையில் கட்டி இருந்தால் மாத்திரை ஒரு பக்கம் ஏற்ற ஏற்ற மறுபக்கம் வடிந்துகொண்டேதான் இருக்கும்.

அடுத்தது தண்ணீர். கழிப்பறை தூரமாகவோ அசுத்தமாகவோ இருந்தால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்கு அடியில் வேர்த்து ஒழுகும்போதும் ஒரு பாட்டில் தண்ணீரில் நாளை ஓட்டுகிறார்கள். மத்தியானத் தலைவலியும் கிறுகிறுப்பும் வராமல் என்ன செய்யும்?

தூக்கத்தையும் கணக்குப் போட வேண்டும். 2024-ஆம் ஆண்டின் மத்திய அரசு நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். எட்டு மணி நேர ஷிஃப்ட், இரண்டு பக்கமும் ரயில், அதோடு இந்த ஐந்து மணி நேரம். விடியற்காலை எழுந்து நடைப்பயிற்சி செய்யுங்கள் என்ற அறிவுரை இந்தப் பெண்ணுக்குப் பொருந்தாது. நடை நல்லதுதான், சந்தேகமில்லை. ஆனால் எட்டு பாயிண்ட் ரத்தத்தோடு நாளெல்லாம் நிற்பவளுக்கு முதலில் வேண்டியது இரும்பும் தூக்கமும்.

2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். உற்பத்தி, முதலீடு என்று அப்போது எவ்வளவோ வாதம் நடந்தது. பன்னிரண்டு மணி நேரம் நிற்கப்போகிறவளின் ரத்தத்தைப் பற்றியும் பேசியிருக்க வேண்டும். 2021-ல் கடைப் பணியாளர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது இதே சட்டமன்றம்தான். நின்றுகொண்டே வேலை பார்த்தால் உடம்பு என்ன ஆகும் என்பது அதற்குத் தெரியாத விஷயமல்ல.

ரத்தம் சரியாக இருந்தும் அசதி போகவில்லை என்றால் தைராய்டு பார்க்க வேண்டும். சென்னை உட்பட எட்டு நகரங்களில் நடந்த ஆய்வு ஒன்றில் பெரியவர்களில் பத்துக்கு ஒருவருக்கு மேல் தைராய்டு குறைவாகச் சுரப்பது தெரிந்தது. சர்க்கரை, பி12, வைட்டமின் டி அளவுகளையும் பார்க்க வேண்டியிருக்கும். மனச்சோர்வும் உடம்பு அசதியாகத்தான் முதலில் தலைகாட்டும்.

இந்தச் சோதனைகளுக்கும் சிகிச்சைக்கும் வழி இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் தொழிலாளி, தொழிலாளர் அரசுக் காப்பீடான இஎஸ்ஐ வரம்புக்குள் வருகிறார். அவர் சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளி பங்காக 3.25 சதவீதமும் அதற்குப் போகிறது. காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் இது உண்டு. பணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. ஆனால் இஎஸ்ஐ மருந்தகத்துக்குப் போக அரை நாள் லீவு வேண்டும், அரை நாள் சம்பளம் போகும். அதனாலேயே போகாமல் இருக்கிறார்கள். சாப்பாட்டு விஷயத்திலும் சிறு பட்டறைப் பெண் விடுபட்டுப் போகிறாள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 250 பேருக்கு மேல் இருந்தால்தான் கேன்டீன் கேட்டது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது நூறாக இறங்கியிருக்கிறது. நாற்பது ஐம்பது பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இரண்டிலும் ஒன்றும் இல்லை. 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை சிறு தொழில்களுக்காகவே எழுந்தது. ஒரு தெருவில் இருக்கும் பத்துப் பட்டறைகள் சேர்ந்தால் ஒரு சாப்பாட்டுக் கூடமும் சுத்தமான கழிப்பறையும் வைக்க முடியும். ஆண்டுக்கு ஒருமுறை ரத்தம் எடுக்க ஒரு வண்டியை வரவழைப்பது அதைவிடச் சுலபம்.

அப்படி எடுத்தால் ரிசல்ட் தாள் அந்தப் பெண்ணின் கையில் மட்டுமே போக வேண்டும். சூப்பர்வைசர் மேசைக்குப் போனால் 'எட்டு பாயிண்ட்' என்பது வேலையை விட்டு நிறுத்த ஒரு காரணமாகிவிடும். அடுத்த வருஷம் ஒருத்தியும் கை நீட்ட மாட்டாள். மாத்திரை தொடங்கி நாலு வாரத்தில் ஒரு பாயிண்டாவது ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் ரத்தப்போக்கா, குடற்புழுவா, பரம்பரையாக வரும் கோளாறா என்று டாக்டர் தேட வேண்டும். ஏறிவிட்டால், தெம்பு வந்துவிட்டது என்று நிறுத்தாமல், அளவு சரியான பிறகும் மூன்று மாதம் மாத்திரையைத் தொடர வேண்டும். அப்போதுதான் உடம்பில் இரும்பு இருப்பு சேரும். இத்தனைக்கும் நடுவில் இரண்டு மூன்று முறை அவள் டாக்டரைப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த அரை நாட்களுக்குச் சம்பளம் பிடிக்காமல் அவளை அனுப்பச் சொல்லித்தான் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து முதலாளிகளை நான் கேட்கிறேன்.