நூடுல்ஸ் மீது பாயும் அறச்சீற்றம்

சிற்றிதழ்ச் சூழலில் உணவு குறித்து எழுதப்படும் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது. வரகும் சாமையும் உண்டு வளர்ந்த இனம் இன்று இரண்டு நிமிட நூடுல்ஸில் வந்து நிற்கிறதே என்பதுதான் அது. தொடர்ந்து அம்மாவின் கைமணம், அம்மி, மண்சட்டி. இறுதியில் உலகமயமாக்கலுக்கு ஒரு சாபம். இந்தப் புலம்பலை நாமும் தலையாட்டியபடி வாசித்திருக்கிறோம். நம்மில் சிலர் எழுதியும் இருக்கிறோம். ஆம்பூரை முன்வைத்து இப்போது அதை மறுக்க வேண்டியிருக்கிறது.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என நீளும் தோல் தொழில் வட்டாரத்தில், காலணித் தொழிற்சாலைகளின் தையல் வரிசைகளில் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் பெண்கள். காலையில் கம்பெனி பஸ் சுற்றுக் கிராமங்களுக்கு வந்து அவர்களை ஏற்றிச் செல்கிறது. பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரத்தில் வீட்டில் யாரும் இல்லை. காலையில் வடித்த சோறு ஆறிக் கிடக்கிறது. அம்மா வந்துசேர இருட்டிவிடும். ஷூவின் மேற்பகுதியை ஜோடிக் கணக்கில் வீட்டிலேயே தைத்துக் கொடுக்கும் பெண்களும் உண்டு. அவர்கள் வீட்டில் இருந்தும் இல்லாதவர்கள். ஊசியைக் கீழே வைத்தால் கூலி நின்றுவிடும்.

இந்த இடைவெளியில்தான் ஒரு பதினான்கு வயதுப் பையனோ பெண்ணோ அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மசாலாப் பொட்டலத்தைப் பல்லால் கிழிக்கிறார்கள். (அது இரண்டு நிமிடத்தில் வெந்து நாம் பார்த்ததில்லை.) இதன் ஈர்ப்பை விளம்பரத்தின் மயக்கு என்று மட்டும் விளக்குவது சோம்பேறித்தனம். உப்பும் உறைப்பும் சூடும் பசித்து வந்த எந்தப் பிள்ளையும் நாடுபவையே. அதைவிட முக்கியமானது, எவர் தயவுமின்றித் தாமே சமைத்து உண்ண முடிகிறது என்பது. தோசை என்றால் மாவு அரைத்திருக்க வேண்டும். குழம்பு என்றால் புளியின் அளவு கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதிலோ தோற்பதற்கு இடமே இல்லை. ஒரு முட்டையை உடைத்து ஊற்றுவது, நேற்றைய குழம்பில் கொஞ்சம் கலப்பது என அதிலும் தமக்கொரு ருசியை அவர்கள் கண்டுகொள்கிறார்கள். தங்கைக்கு ஒரு தட்டில் பங்கு வைக்கும்போது வீடு சற்று நேரம் அவர்கள் பொறுப்பில் இருக்கிறது. பல வீடுகளில் ஆண்பிள்ளை அடுப்படிக்குள் நுழைந்ததே இந்த வழியாகத்தான். கைமணக் கட்டுரையாளர் எவரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கைமணம் என்று அவர்கள் ஏங்குவது ஒரு பெண் பகல் முழுக்க வீட்டில் இருந்ததன் மணத்துக்குத்தான்.

வரலாறும் அவர்கள் பக்கம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சுவிட்சர்லாந்தில் ஆலை வேலைக்குப் போன பெண்களுக்குச் சமைக்க நேரமில்லை. தொழிலாளர் குடும்பங்கள் சத்தின்றி வாடின. விரைவில் சமைக்கத்தக்க சத்துணவொன்று வேண்டுமென்று அந்நாட்டின் பொதுநலச் சங்கம் கேட்டுக்கொள்ள, மாவு ஆலை நடத்திவந்த ஜூலியஸ் மேகி பயறு மாவிலிருந்து உணவு தயாரித்தார். 1886இல் உடனடி சூப் வந்தது. உடனடி நூடுல்ஸோ 1958இல் ஜப்பானில் மோமோஃபுகு ஆண்டோ உருவாக்கியது. அதன் பின்னணியில் இருந்ததும் போருக்குப் பிந்தைய பசிதான். இரண்டும் ஒரே பொட்டலமாகி 1983இல் இந்தியாவுக்கு வந்தன. ஆக, ஆலைப் பெண்ணின் நேரமின்மையில் பிறந்த ஒரு பெயர் நூறாண்டு கழித்து இன்னோர் ஆலைப் பெண்ணின் அலமாரிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதைப் பண்பாட்டுச் சீரழிவு என்று படிப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

நாம் அந்தக் கம்பெனியின் வக்கீல்கள் அல்லர். மைதா, எண்ணெய், மிதமிஞ்சிய உப்பு. தினமும் உண்ணத்தக்கதல்ல என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் சீற்றம் எங்கே பாய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2015 ஜூனில், அளவுக்கு மேல் ஈயம் இருப்பதாகக் கூறி மேகிக்குத் தமிழக அரசும், தொடர்ந்து மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் தடை விதித்தன. ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றம் அத்தடையை ரத்து செய்யும்வரை, செய்த பிறகும்கூட, வீட்டுக்கு வீடு ஈயம் பற்றிய பேச்சாக இருந்தது. அதே ஆண்டு ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டி உடைந்தது. பக்கத்துத் தொழிற்கூடத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களைக் கசடு மூடியது. இறந்தவர்கள் 10 பேர். அதற்காக நம்மவர் பேனா எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை அவரவர் நினைவுக்கே விட்டுவிடுகிறோம்.

சாமைக்குத் திரும்புங்கள் என்கிறார்கள். ஆம்பூர் என்றதும் நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்திச் சீரக சம்பா பிரியாணியைப் பாரம்பரியம் என்று வியந்து செல்பவர்களும் இவர்கள்தாம். அதுவும் ஒரு காலத்தில் நவாபின் அடுக்களையிலிருந்து வந்ததாகத்தான் அவ்வூரார் சொல்கிறார்கள். போகட்டும். இந்தத் தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதை உச்சநீதிமன்றம் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே குறிப்பிட்டிருக்கிறது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் பாலாற்று மாசுக்காக மறுபடி ஆணையிட வேண்டியிருந்தது. சாமையை எந்த நிலத்தில் விதைப்பது, கம்பெனி பஸ் திரும்பும் நேரத்துக்குப் பிறகு அதை யார் குத்திப் புடைத்துப் பொங்குவது என்பதையும் கட்டுரையாளர்கள் அடுத்த முறை எழுதட்டும். வாசிக்கக் காத்திருக்கிறோம்.