சாமி பார்த்துக்கும்னு வயரை இழுக்காதீங்க

ஆடித் திருவிழா நெருங்குது. கிள்ளான் பக்கம் பல கோயில்களில் பின்புறம் ஒரே காட்சிதான். மண்டபத்துப் பிளக்கில் ஒரு எக்ஸ்டென்ஷன், அதில் இன்னொன்று, புல் மேலேயே கிடந்து சமையல் கொட்டகை வரைக்கும் போகும். கிரைண்டர், ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் அந்த ஒரே வயரில். தரை முழுக்கத் தண்ணீர். பாத்திரம் கழுவும் அக்காமார் வெறுங்காலோடு நிற்கிறார்கள்.

நாங்களும் அப்படி இழுத்தவர்கள்தான். போன வருஷம் கிரைண்டரைத் தொட்ட எங்கள் அக்கா ஒருவருக்கு ஷாக் அடித்தது. உயிர் பிழைத்தது அதிர்ஷ்டம். அதற்கும், "ஒன்னும் ஆகலையே, சாமி பார்த்துக்கும் லா" என்றுதான் பதில் வந்தது.

2022 ஏப்ரல் 27, தஞ்சாவூர் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். அது வேறு வகை விபத்துதான். ஆனால் அவர்களும் சாமி காரியத்துக்கு வந்தவர்கள்தானே?

குளியலறை வாட்டர் ஹீட்டருக்கே 10 மில்லியாம்பியர் ஆர்சிசிபி வேண்டும் என்பது நம் நாட்டு விதி. ஊருக்கே சமைக்கும் ஈரத் தரைக்கு ஒன்றும் வேண்டாமா?

மெயின் போர்டிலிருந்து கொட்டகைக்குத் தனி லைன், தனி பிரேக்கர். மண்ணுக்கடியில் ஆர்மர்ட் கேபிள். கொட்டகையிலேயே சின்ன டிபி, ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த். எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேன் செய்யட்டும். "நம்ம பையனுக்குத் தெரியும்" என்ற பேச்சே வேண்டாம்.

காசு இல்லையாம். கோபுரத்துக் கலர் லைட்டுக்கு மட்டும் உபயக்காரர் வரிசையில் நிற்கிறார்கள். இந்த வருஷம் ஒரே ஓர் உபயம் இதற்கு எழுதுங்கள். பெயர் போடணும்னா டிபி பெட்டி மேலேயே ஒட்டுறோம்.

அன்னதானம் சாப்பிட வந்தவர் நல்லபடியா வீடு திரும்பணும். பகிருங்கள்.